பீப்பா மச்சான்

வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகக் குடிவருகிறவர் பாவித்த சொந்தச் சாமான்களைத் துறைமுகத்தில் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்பது விதி. இப்படிப்பட்ட விதிகளைப் பிறருக்கு விளக்கியே அரசாங்கக் கந்தோரில் என் தலை நரைத்தது. என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவருடைய மேளம் கொழும்பில் வந்திறங்கியபோதுதான், விதியைப் படித்தவன் நான் ஒருவன் மட்டுமோ என்ற சந்தேகம் வந்தது.

மச்சான் கரீபியன் கடலில், டிரினிடாட் தீவில் பிறந்தவர். எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி, அடித்தகட்டைச் சுத்தியலால் குழிவாக்கி, தட்டுமிடமெல்லாம் வெவ்வேறு சுரம் வரச் செய்யும் மேளம் அவர்களுடையது. இளவயதில் அதோடு லண்டனுக்குக் கப்பலேறினார். பகலில் பஸ் ஓட்டினார்; இரவில் விடுதிகளிலும், விடுமுறைக் காலங்களில் உல்லாசக் கப்பல்களிலும் வாசித்தார். அங்கே தாதியாக இருந்த ராத்தாவைக் கட்டி, இஸ்லாத்துக்கு வந்து, ஓய்வு பெற்றதும் அவளோடு கிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊரான நிந்தவூருக்கு வந்துவிட்டார். தேநீர் ஆறும்வரைகூட ஓரிடத்தில் இருக்கத் தெரியாத மனிதர். தமிழை ராத்தாவிடம் கற்றதால் எங்களூர்ப் பேச்சுத்தான் வாயில் வரும்.

அவர் வாசித்த இரவுகளிலெல்லாம் ராத்தாவுக்கு இரவுக் கடமை. கணவரின் வாசிப்பை அவள் ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை. மச்சானுக்கோ வலது கை மெல்ல மெல்ல மரத்துக்கொண்டிருந்தது. கை விழுமுன் அவளுக்கு அவளது ஊரில் வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

சாமான் விடுவிக்கும் முகவர், இசைக்கருவி என்றால் கேள்வி வரும் என்று பயந்து, 'பழைய இரும்புப் பீப்பா' என்று எழுதிவிட்டார். சுங்கத்திலிருந்து கேள்வி அதனால்தான் வந்தது: பீப்பாவுக்குள் முன்பு என்ன இருந்தது? நான் விளக்கம் எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். பிறகு நினைவூட்டலை நினைவூட்டினேன். இப்போது எல்லாம் இணையத்தில் என்கிறார்கள். அன்று மாதக்கணக்கில் வராத பதில் இன்று உடனேயே வராமலிருக்கிறது.

மச்சான் கடற்கரையில் மேலும் கீழுமாக நடந்தார். மீன்காரர் விடமாட்டார்: "என்ன மச்சான், பீப்பா நீந்தியா வருகுது?"

"ஓம் கா. உன்ட மீனப் போல நாறாம வந்து சேரும்."

ஒரு கல்யாண வீட்டில், பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் என்ற பெரிய தட்டை, அது வெறுமையானதும் கவிழ்த்து விரல்களால் தட்டத் தொடங்கினார். அடுத்த சஹனிலிருந்த பெரியவர், "நாங்க இன்னும் சோறு முடிக்கல்ல கா, அதுக்குள்ள கச்சேரியா?" என்றார். திரைக்கப்பால் பெண்கள் குரவையிட்டார்கள். அதில் ராத்தாவின் குரலும் கேட்டது. மச்சான் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இதக் கேட்டு இவ்வளவுதான் நானெண்டு அவ நினைச்சிரப்படாது, மச்சான்" என்றார் என் காதில்.

அந்த மழைக்காலம் முடியுமுன் வலது கை விழுந்தது.

அதற்குப் பிறகே பதில் வந்தது. பொருள் இசைக்கருவிதான் என்பதை நிரூபிக்க, உரிமையாளர் நேரில் வந்து வாசித்துக் காட்ட வேண்டுமாம். நான் கடிதத்தை உரக்கப் படித்தேன். ராத்தா அடுப்படிக்குள் போய்விட்டாள். மேன்முறையீட்டுக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று நான் யோசிக்கும்போதே மச்சான் சப்பாத்தைத் தேடத் தொடங்கினார்.

"இடது கை இரிக்கிதானே. அவளயும் கூட்டிப் போவம், அங்கேயே கேக்கட்டும். பஸ் எத்தின மணிக்கு?"

மூன்று இருக்கைகளைப் பதிவு செய்தேன். அவரிடம் நான் சொல்லாமல் விட்டது, கடிதத்தில் வரச்சொல்லியிருந்த திகதியை மட்டும்தான். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள் அது; நாடு முழுக்கக் கந்தோர்கள் பூட்டிக்கிடக்கும் விடுமுறை.