தலைகீழ் எட்டு

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மருமகன் கையைக் கழுவியும் கழுவாமலும் ஒரு செய்தித்தாளை மேஜைமேல் விரித்தான். தகட்டின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த ஐந்து எண்கள் அதில் இருந்தன. கடைசி எண் எட்டு. அதிலும் வலப்பாதியைக் காணோம்.

"அத்தை, நீங்க அந்தக் காலத்துல ராணுவ டிப்போவுல இருந்தீங்கள்ல? இந்த எட்டைப் பாருங்க. மேல் வட்டம் பெருசா இருக்கு, கீழ் வட்டம் சின்னதா இருக்கு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"இது எங்கே கிடைச்சது?"

"எங்க மெக்கானிக் பழைய இரும்புக் கடையில ஒரு ராணுவ வண்டி வாங்கி ரெண்டு வருஷமா உயிர் குடுத்துட்டிருக்கார்ல, அதுலதான். மத்த எல்லாத்தையும் தேய்ச்சுப் புதுசா பெயின்ட் அடிச்சாச்சு. இடப்பக்கம் ஒரே ஒரு தகட்டுல, மூணு கோட் பெயின்ட்டுக்கு அடியில இது இருந்துச்சு. பழைய வண்டிய அசல்தான்னு எழுதிக் குடுக்கிற மேஜர் போன வாரம் வந்தப்பவே சொல்லிட்டார். ராணுவத்துல யாரும் எட்டைத் தலைகீழா எழுத மாட்டாங்களாம். எவனோ இரும்புக் கடைக்காரன் வேலை, அழிச்சிட்டு ஒழுங்கா எழுதுன்னார். மூணு மணிக்கு வர்றார். சுத்தி டேப் ஒட்டி வச்சிட்டேன், போய் அதுமேல பெயின்ட் அடிக்கணும்."

"அடிக்காதீங்க மாப்பிள்ளை."

"ஏன் அத்தை?"

"அது நான் எழுதினது."

அவன் கையில் எடுத்த கவளம் அங்கேயே நின்றது. அவள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். செருப்பைத் தேடினாள்.

டிப்போவில் அவளுக்கு எட்டு என்றுதான் பெயர். வயதில் சிறியவர்கள் எட்டக்கா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் கூப்பிடப்படும்.

பத்தொன்பது வயதில் துடைப்பத்தோடுதான் உள்ளே போனாள். பதிவேட்டில் பெண்களுக்கென்று ஒரே ஒரு வேலைதான் இருந்தது: துப்புரவு உதவி. பெயின்ட் பிரிவில் இருந்த பெரியவர் நெஞ்சு கெட்டுப்போய் வேலையை விட்டு நின்றுவிட்டார். வண்டிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. தரையைக் கூட்டிக்கொண்டிருந்தவள் எண்களை வெட்டிய அட்டையான ஸ்டென்சிலை எடுத்துத் தகட்டில் வைத்து, பிரஷை நிமிர்த்திப் பிடித்துக் குத்திக் குத்தி எழுதினாள். நன்றாக வந்தது. அன்றிலிருந்து பதினோரு வருடம் அவள்தான் எழுதினாள். பக்கத் தகட்டில் வண்டி எண், கதவில் படைப்பிரிவின் குறி, முன் பம்பரில் மஞ்சள் வட்டம், பாலத்துக் காவலாள் பார்த்ததும் வண்டியின் எடை தெரிவதற்காக அந்த வட்டத்துக்குள் ஓர் எண். பதினோரு வருடமும் பதிவேட்டில் அவள் தரையைத்தான் கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஆணின் கையில் பிரஷ் இருந்தால் அது தொழில். பெண்ணின் கையில் இருந்தால் அது ஒத்தாசை. இந்தக் கணக்கை எழுதியவர்கள் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த கொட்டகையில் ரேடியோ பொருத்துகிறவர் ஒருவர் இருந்தார். ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பார். ஏரியல் கம்பி என்று பெயர் வைத்து, பிறகு கம்பி என்றே சுருக்கிவிட்டார்கள். ஈயம் உருகும் வாசனையும் டர்பன்டைன் வாசனையும் சந்திக்கிற இடத்தில் இரண்டு பேருக்கும் தினம் ஒரு சண்டை. அந்தச் சண்டைகளை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் உதடு தானாக விரியும்.

ஒரு நாள் அவசர வேலையாக ஒரு வண்டி வந்தது. சாமான் வண்டி என்று நினைத்து அவள் இடப்பக்கத் தகட்டில் எண்ணை எழுதி முடித்தாள். பெயின்ட் காய்ந்த பிறகுதான் அது வயர்லெஸ் வண்டி என்று உத்தரவு வந்தது. ஏரியலைத் தாங்கும் அடிக்கட்டை சரியாக அந்தக் கடைசி எண்ணின் வலப்பாதிமேல்தான் உட்கார வேண்டும். கம்பி வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என் இடத்துல நம்பர் எழுதினது போதாதுன்னு அதையும் தலைகீழா எழுதி வச்சிருக்கியே, எட்டு!"

எட்டின் ஸ்டென்சிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அழிக்க நேரமில்லை. அடிக்கட்டைக்குக் கீழே வைக்கிற ரப்பரும் கையிருப்பில் இல்லை. கம்பி அவள் கையிலிருந்த, எண்ணெயில் ஊறிய அந்த எட்டு ஸ்டென்சிலைப் பிடுங்கி, அடிக்கட்டையின் அளவுக்கு வட்டமாக வெட்டி, கீழே வைத்து போல்ட்டை முறுக்கினார்.

"இனிமே இந்த எட்டு உன்னைக் கவுக்காது."

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து அதே கம்பிதான் நாலு வரி மனு எழுதினார்: பெயின்டர் வேலை செய்கிறவரைப் பெயின்டர் என்று பதிவு செய்யுங்கள். மனுவுக்குப் பதில் வரவில்லை. கம்பிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. போன இடத்திலிருந்து ஒரு கார்டு போட்டார், 'எட்டு நேராக நிற்கிறதா?' என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. டிப்போவை மூடியபோது அவள் கையில் கொடுத்த சான்றிதழில் துப்புரவு உதவி என்றே இருந்தது. அந்தக் காகிதத்துக்குக் கிடைத்த வேலைதான் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் தரை துடைத்தது.

மருமகன் அவளைக் கூட்டிப்போன மெக்கானிக்கின் கொட்டகையில் வண்டி பச்சைப் பசேலென்று நின்றது. அவள் எண்ணைப் பார்க்கவில்லை. நேராக ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள்.

"நாலு ஓட்டை, ரேடியோ செட்டுக்கு. கீழே ரெண்டு, பேட்டரிப் பெட்டிக்கு. இந்தக் கொக்கி ஹெட்போன் மாட்டறதுக்கு. ஏன் தம்பி, இங்கே போய் பெஞ்ச் போட்டிருக்கீங்க?"

"சாமான் வண்டின்னுல்ல நினைச்சேன்," என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அப்போ வெளியே இருக்கிற அந்தக் கட்டை? நட்டு துருப்பிடிச்சுக் கழட்ட வரல. கொடி சொருகத்தான் வச்சிருக்காங்கன்னு நினைச்சு, கொடிகூட வாங்கி வச்சிட்டேன்."

"அது ஏரியல் கட்டை. கொடியை வீட்டுல வச்சுக்கோங்க."

மேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் கோப்பு, அளவு நாடா, பூதக்கண்ணாடி. ரேடியோ ஓட்டைகளை அவள் காட்டியபோது தலையாட்டி ஒப்புக்கொண்டார். எட்டை எழுதியதும் தானே என்று அவள் சொன்னதும் முகம் இறுகியது.

"அம்மா, நான் இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்கேன். இப்படி ஒரு எண் டிப்போவை விட்டு வெளியே வராது."

ராணுவம் தப்பு செய்யாது என்பது ஒரு நம்பிக்கை. நம்பிக்கைக்குச் சான்று தேவைப்படாது. அதுதான் அதிலுள்ள வசதி.

அவள் கைப்பையிலிருந்த டிப்போ சான்றிதழை நீட்டினாள். அவர் படித்தார். குரல் கொஞ்சம் தணிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. துப்புரவு உதவின்னுல்ல போட்டிருக்கு?"

மருமகன் டேப் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தக் காகிதம் ஒரு சாட்சி சார். இந்தத் தகடு இன்னொரு சாட்சி. ரெண்டுல எது பொய் சொல்லுதுன்னு கழட்டிப் பார்த்துரலாமே? நான் முன்னாடியே சொல்லிடறேன், நீங்க எழுதிக்கோங்க. கட்டைக்கு அடியில எட்டோட மறுபாதி இருக்கும். ரப்பர் இருக்காது, எண்ணெய் அட்டை இருக்கும். அந்த அட்டையில எட்டு வடிவத்துல கத்தியால வெட்டின ஓட்டை இருக்கும். இதுல ஒண்ணு தப்பினாலும் நானே டேப்பைப் பிடிச்சுக்கறேன், மாப்பிள்ளை அடிக்கட்டும்."

மேஜர் கோப்பைத் திறந்து மூன்றையும் எழுதிக்கொண்டார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

நட்டுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். மூன்று போல்ட் கழன்றன, நாலாவது முறிந்தது. மெக்கானிக் வண்டிக்கே வலித்ததுபோல் முனகினார். கட்டை அசைந்து மேலே வந்தது.

கீழே அட்டைதான். பழுப்பேறி, தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. மருமகன் பிளேடு நுனியால் மெல்ல நெம்பினான். பாதி பொடிந்து போயிற்று. மிச்சப் பாதி கையோடு வந்தது. அதற்கடியில், வெயிலே படாத வெள்ளையில், எட்டின் வலப்பாதி. கீழ் வட்டம் சின்னது.

மேஜர் அட்டைத் துண்டை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அதன் ஓர் ஓரத்தில் பெரிதும் சின்னதுமாக இரண்டு வளைவான வெட்டு. விளிம்பெல்லாம் காய்ந்த வெள்ளைப் பெயின்ட். தகட்டிலிருந்த வளைவின்மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. பெரிய வளைவு மேலே வரும்படி தலைகீழாகத் திருப்பினால்தான் பொருந்தியது.

"இருந்தாலும் இது தப்புதானே அம்மா?" என்றார் மேஜர். இப்போது அது வாதம் இல்லை, வெறும் கேள்வி.

"தப்புதான் சார். நேரா எழுதினது நூத்துக்கணக்குல இருந்துச்சு, எல்லாம் இரும்பாப் போயிருச்சு. நான் எழுதினேன்னு சொல்றதுக்கு இந்தத் தப்பு மட்டும்தான் மிச்சம்."

அவர் பேனாவை எடுத்தார். வண்டியின் குறிகளை எழுதியவர் யார் என்று அவருடைய படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. எப்போதும் 'தெரியவில்லை' என்றுதான் நிரப்புவார். அவளுடைய முழுப் பெயரைக் கேட்டு எழுதினார். பக்கத்தில் பதவி என்றிருந்தது. அதை அவர் கேட்கவில்லை. எழுதிவிட்டுப் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

பெயின்டர்.

அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கக் கண்ணாடி விடவில்லை.

"வலப்பக்கத் தகட்டுல நம்பரே இல்ல அக்கா, நான் தேய்ச்சுத் தொலைச்சிட்டேன்," என்றார் மெக்கானிக் மெதுவாக. "நீங்களே எழுதிடுங்களேன். அதுலயும் எட்டு தலைகீழாத்தானே?"

"நேராத்தான். அந்த ஆள் திட்டினதுக்கு அப்புறம்தானே அந்தப் பக்கம் போனேன்!"

மருமகன் வெட்டிவைத்திருந்த புது ஸ்டென்சிலையும் பிரஷையும் நீட்டினான். அவள் பிரஷை வாங்கவில்லை. முதலில் கத்தரிக்கோல் கேட்டாள். அன்றைக்குப் பிறகு ஒவ்வோர் எட்டுக்கும் செய்துவந்ததுபோல, அட்டையின் மேல்மூலையைச் சின்னதாக நறுக்கினாள். நறுக்கிய மூலை மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தகட்டில் வைத்து அழுத்தினாள்.