மாதா மேல் சத்தியமாக நான் பார்க்காத நீர்நாய்கள்

எங்கோ தொலைதூரத்து ஆற்றில் இளஞ்சிவப்பு நிறத்தில் டால்பின்கள் இருக்கின்றனவாம். வலையைக் கிழித்து மீனைத் தின்கின்றன என்று அங்குள்ள மீனவர்கள் சிலர் அவற்றைக் கொல்கிறார்களாம். இன்னும் எத்தனை காலம் அவை இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லையாம். மகள் இதை வாசித்துக் காட்டியபோது எனக்கு என் மாமாவின் வலைதான் ஞாபகம் வந்தது. அதைக் கிழித்தவை நீர்நாய்கள்.

எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறை. எனக்கு எட்டு வயது. கம்பைநல்லூரிலிருந்து என்னை ஒகேனக்கல்லில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தையின் வீட்டுக்காரரான மாமா காவிரியில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர். சுழலில் பரிசல் பம்பரமாய்ச் சுற்றும்போதே துடுப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே குச்சியில் பீடி பற்றவைப்பார். வலை கிழிந்த நாட்களில் அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் இங்கே எழுத முடியாது. “கையில சிக்கட்டும், அதுங்க தோல உரிச்சு வாசல்ல காயப் போடறேன்” என்பதுதான் அவற்றில் மரியாதையானது.

தினமும் விடிந்ததும் வலை எடுக்கப் போகையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். திரும்பும் வழியில் ஒரு பெரிய பாறைக்கு எதிரே, நீர்மருத மரத்தின் வேரைப் பிடித்துப் பரிசலை நிறுத்துவார். பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி குடிப்பார். “சத்தம் போடாத கண்ணு, தலவலி” என்பார்.

அப்படி ஒரு காலையில்தான் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே முதலில் ஒரு தலை, அப்புறம் மூன்று, அப்புறம் ஏழு. மீசை வைத்த ஏழு முகங்கள். ஒன்று முழங்கை நீள மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாங்கள் கரும்பு கடிப்பதுபோலத் தலையிலிருந்து கடித்தது. இன்னொன்று பாறையிடுக்கில் இருந்த பொந்துக்குள் போய், குட்டியைக் கழுத்தில் கவ்வி வந்து தண்ணீரில் போட்டது. குட்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு கரையேறியது. தாய் விடவில்லை. மறுபடி கவ்விப் போட்டது. நீர்நாய்க்கே நீச்சல் பழக்கவேண்டியிருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூசையில் மணியடிக்கும்போதுகூட நான் அவ்வளவு அசையாமல் இருந்ததில்லை. மாமா மட்டும் திரும்பிவிடக்கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் அதே வேண்டுதல்தான்.

அந்த வாரக் கடைசியில் தோல் வாங்குகிறவர் ஒருவர் பென்னாகரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். பையிலிருந்து புத்தம்புது நைலான் வலை ஒன்றை எடுத்து மாமாவின் மடியில் வைத்தார்.

“பொந்து எங்கன்னு மட்டும் காட்டுங்க. வல உங்களுது.”

மாமா வலையை விரித்து, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தார்.

“எனக்கெங்கீங்க தெரியும்? தெனமும் எங்கூட வர்றது இந்தப் புள்ளதான். கண்ணு, நீர்நாய்ப் பொந்து எங்காச்சும் பாத்தியா?”

“பாக்கலீங்க மாமா. மாதா மேல சத்தியமுங்க!”

சத்தியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்துக்கொண்டேன்.

“கேட்டுக்கிட்டீங்கல்ல? சர்ச்சுல புதுநன்மை வாங்கின புள்ள, பொய் சொல்லாதுங்க” என்று மாமா வலையை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை பழைய வலையைத் தைத்துக்கொண்டு, வழக்கம்போல நீர்நாய்களின் ஏழு தலைமுறையையும் திட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். என்னால் ஒரு புது வலை போயிற்று. மாதாவும் கோபமாக இருப்பாள்.

ஊருக்குத் திரும்பியதும் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். நீர்நாய்க்காகப் பொய்ச்சத்தியம் என்றதும் தட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு இருமல் கேட்டது. பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் பத்து சொன்னேன், ஏழு நீர்நாய்களையும் காப்பாற்றியவள் நானே என்ற பெருமையோடு.

போன வருடம் ஒகேனக்கல் போனேன். மாமா காலமாகி வெகுநாளாயிற்று. நீர்நாய் உண்டா என்று பரிசல்காரர்களிடம் கேட்டேன். “எப்பவாச்சும் தட்டுப்படுமுங்க” என்றார் ஒருவர். “பாத்துப் பல வருசமாச்சுங்க” என்றார் இன்னொருவர். பாறையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தேன். அவளுக்கு என் பொய்ச்சத்தியம் பெரிதாகப் படவில்லை.

“சுத்துற பரிசல்லயே பீடி பத்த வைக்கிறவரு, அங்க மட்டும் எதுக்கும்மா தினமும் நிறுத்தினாரு?” என்றாள்.

வேரைப் பிடித்திருந்த அந்தக் கைதான் கண்முன் வந்தது. பீடி அணைந்த பிறகும், முதுகுக்குப் பின்னால் அந்தக் குட்டியின் கத்தல் அடங்கும்வரை, மாமா ஒருநாளும் வேரை விட்டதில்லை.