கொடி கட்டிய ஆட்டோவில் என் முதல் ஓட்டு

2024 மே 13, திங்கள், காலை 9.40. ஆந்திராவின் சித்தூரில் மேகம் மூடிய புழுக்கம். இருபது வயதில் துபாய்க்குப் போனவன் நான், இப்போது அறுபத்தாறு. அங்கே சாலை பளபளக்கும், மின்சாரம் நிற்காது. ஆனால் எங்களுக்கு ஓட்டு இல்லை; அரசியலை வாய்விட்டுப் பேசியும் பழக்கமில்லை. என் முதல் ஓட்டைப் போடத்தான் ஊருக்கு வந்திருந்தேன்.

கை காட்டியதும் நின்ற ஆட்டோவில் ஏறி, இரண்டு பெண்களுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்தேன். பிறகுதான் முன்னால் கட்டியிருந்த கட்சிக்கொடி கண்ணில் பட்டது.

“இறக்கி விடுப்பா, காசு தந்துடறேன்.”

“காசு கட்சி குடுத்துடுச்சி சார். பூத்துக்குத்தான் போய்க்கினு இருக்கோம்” என்ற ஓட்டுநர் நிறுத்தவில்லை. தெருவே என்னைக் கட்சிக்காரனாகப் பார்ப்பதுபோல் இருந்தது. கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் பெண் சிரித்தார். “இன்னா நைனா, இப்பிடி நடுங்கறே? ஆட்டோதான் அவங்களுது, வெரலு உன்னுதுதானே? நான் போறப்ப இந்தக் கட்சி ஆட்டோ, வரப்ப அந்தக் கட்சி ஆட்டோ. ஓட்டு யாருக்குன்னு எங்க வூட்டுக்காரருக்கே தெரியாது!”

வாக்குச்சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றேன். எந்தக் கொடியும் அங்கே வர முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. பொத்தானை அழுத்தினேன். இத்தனை வருடத்தில் யாருக்கும் பயப்படாமல் நான் சொன்ன ஒரே அரசியல் கருத்து அதுதான்.

விமானக் கட்டணத்தையும் சேர்த்து, அதற்கு எனக்கு ஆன செலவு 38,460 ரூபாய்.