துளைக்குள் சந்தனம்

மெல்லிய திருப்புளியின் முனையால் கௌரியம்மாளின் இரண்டு கைகள், ஜன்னல் தாழ்ப்பாளின் நாக்கு விழ வேண்டிய துளையிலிருந்து காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுத்துப்போகிற, நான்கு பேர் படுக்கக்கூடிய சின்ன வீட்டு வண்டி அது. திருத்தணி மலையடிவாரத்தில் புது வண்டிக்குப் பூஜை போட்டபோது, ஜன்னலுக்கு ஜன்னல் அந்தத் துளையிலேயே சந்தனத்தை அப்பிவிட்டார் வண்டிக்காரர் குணசேகரன். அது இறுகி நாக்கு விழாமல் போனதும், தாழ்ப்பாள்களையே கழற்றி அரை விரற்கடை மேலே ஏற்றி முடுக்கினார். நாக்கு துளைக்குள் இறங்காமல் சட்டத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. வண்டி குலுங்கியதும் திறந்துகொண்டது. முதல் மழையிலேயே மெத்தை நனைந்தது. நாளைக் காலை முதல் வாடகைக் குடும்பம் வருகிறது. ஜன்னல் சரியாக மூடிக்கொள்ளாவிட்டால் அவர்கள் வண்டியில் ஏறப்போவதில்லை.

"பொட்டு வெச்சது ஒரு தப்பாக்கா?" என்றார் குணசேகரன்.

"பொட்ட கண்ணாடியில வெக்கறது. பல்லுல சோறு மாட்டிக்கினா தாடையவா கழட்டுவ நைனா?" என்றாள் கௌரியம்மாள்.

பஸ் கட்டும் பட்டறையில் ஆணி எடுத்துக் கொடுக்கும் கூலியாகச் சேர்ந்தவள் அவள். பார்த்துப் பார்த்தே ஜன்னல் வேலையைப் பிடித்துக்கொண்டு, கே.ஜி.கண்டிகையில் சொந்தக் கொட்டகை போட்டாள். கண்ணால் அளந்து துளை போடுகிறவர்களை அவள் மனிதரில் சேர்ப்பதில்லை.

"பசை வெச்சி ஒட்டிட்டா சீக்கிரம் முடியுமேக்கா."

"ஆங், உள்ள படுக்கறவங்க காத்துக்கு எங்க போவாங்க?"

அவர் முடுக்கிய புதுத் திருகுத் துளைகளை அடைத்து, தாழ்ப்பாள்களைப் பழைய இடத்துக்கே இறக்கினாள். ஜீப்பில் கோத்து வேகத்தடை மேல் நான்கு முறை ஏற்றி இறக்கச் சொன்னாள். ஒரு நாக்குகூட நழுவவில்லை.

"இனிமே சாமிய நீ கும்பிடு, தாழ்ப்பாள என்கிட்ட விடு" என்று வண்டிக் கதவின் சாவியை அவர் கையில் வைத்தாள்.