செய்தி நேரத்துக் கரகரப்பு

கொழும்பில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் இருந்த என் தம்பியிடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதமாகியிருந்தது. அதனால் மாலை ஏழு மணிக்கு வரும் வெளிநாட்டு வானொலியின் தமிழ்ச் செய்தியை நான் தவறவிடுவதில்லை.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் கரகரப்பு வரும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல் அரை நிமிடம் சடசடத்து ஓயும். பிறகு மறுபடி தொடங்கும். ஒரு நாள் "மருத்துவமனைக்கு அருகே" என்பது மட்டும் காதில் விழுந்தது. எந்த மருத்துவமனை, என்ன நடந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் படிப்பிக்கும் டியூசன் வகுப்பில், கரும்பலகையில் நானே எழுதிய கணக்கை என்னால் செய்து முடிக்க முடியவில்லை.

என் கணவர் உள்ளறையில் மறுநாள் அலுவலகத்துக்கான சட்டையை இஸ்திரி போட்டபடிதான் செய்தி கேட்பார். கடல் உப்புக் காற்று ரேடியோவைத் தின்றுவிட்டது என்பது அவருடைய முடிவு. நான் அதை மருதானையில் ஒரு ரேடியோ திருத்துபவரிடம் கொண்டுபோனேன். அவருடைய மேசையில் அது மணி மணியாகப் பாடியது.

"செட்டுல பிழ இல்ல, தங்கச்சி," என்றார் அவர். "சூடு கூடினா தானா நிண்டு, ஆறினா தானா பத்துற சாமான் ஏதோ பக்கத்துல ஈக்கிது. அதுக்குள்ள பொறி பறக்கிறதத்தான் ரேடியோ புடிக்கிது."

எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். நாங்கள் சமைப்பது காஸ் அடுப்பில். ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும்படியும், எங்கே சத்தம் கூடுகிறதோ அங்கே தேடும்படியும் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை சத்தம் தொடங்கியதும் ரேடியோவுடன் நடந்தேன். எங்கள் கூடத்தைவிட நடைபாதையில் சத்தம் கூடியது. எதிர் வீட்டுக் கதவருகே காதைப் பொத்த வேண்டியிருந்தது. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். பஸ்ஸிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவர். எல்லோரையும்போல நானும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவேன்.

சூடாக்குகிற சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, இடுப்புக்கு ஒண்டு வைக்கிறனான்," என்றார்.

மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மின்சார ஒத்தடப் பை அது. நான் விஷயத்தைச் சொன்னதும் சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றது. தம்பியை நினைத்துத்தானே கேட்கிறாய், இனி அதைத் தொடமாட்டேன் என்றார். செய்தி நேரத்தில் மட்டும் அணைத்தால் போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் கணவர் அலுவலக வேலையாகக் கண்டிக்குப் போனார். அவர் இல்லாத பத்து நாளும் செய்தி தெளிவாகக் கேட்டது. இடையில் தம்பியின் கடிதமும் வந்தது. சுகமாக இருந்தான்.

கணவர் திரும்பி வந்த மாலையே கரகரப்பும் வந்துவிட்டது. மிஸ் மறுபடி பையைப் போட்டுவிட்டார் என்று எனக்குக் கோபம். ரேடியோவுடன் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. வலி தாங்காமல் காலையிலேயே கொட்டாஞ்சேனைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகக் கீழ்வீட்டார் சொன்னார்கள். ஆளில்லாத வீட்டின் முன் ரேடியோ சடசடத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கதவுக்கு மேலேதான் இரண்டு வீட்டுக்குமான மீட்டர்ப் பலகை இருந்தது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டு வயரும் அங்கிருந்துதான் வந்தது.

வீட்டுக்குள் வந்தேன். உள்ளறையில் 'டிக்' என்று ஒரு ஒலி. கரகரப்பு நின்றது. மறுபடி 'டிக்'. கரகரப்பு வந்தது.

"அந்த அயனைக் கழட்டுங்கோ," என்றேன்.

இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கழற்றினார். செய்தி வாசிப்பவரின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது.

அப்படியானால் முதல் நாள் மிஸ் அணைத்தபோது சத்தம் ஏன் நின்றது? அந்த நேரம் சட்டையை முடித்து அயனை அணைத்தீர்களா என்று அவரைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

அடுத்த நாள் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மிஸ் எழும்ப முடியாமல் படுத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சும்மாதான் நொந்தனானோ, பிள்ளை?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். நான்தான் அவருடைய பயணப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வந்து இருந்ததும் ஒத்தடப் பையைச் செருகிவிட்டு, ரேடியோவைக் கொண்டுவந்து பார் என்றார். தேவையில்லை என்றேன். விடவில்லை. கொண்டுவந்து போட்டேன். அடியில் மிக மெல்லியதாக ஏதோ இரைந்ததுபோல் இருந்தது. கடலா, கோல் ரோட்டில் போன பஸ்ஸா, பையா என்று பிரிக்க முடியவில்லை.

"ஒண்டும் இல்லை, மிஸ்," என்றேன்.