சப்ளை கப்பல் காணாமல் போன அன்று வைத்த மீன் குழம்பு

துபாய் தேராவில் மகள் வீட்டு ஹாலில் தினமும் போர் நடக்கும். மருமகன் டூட்டி முடிந்து வந்ததும் டிவியைப் போட்டுவிடுவார். பசிபிக் கடலில் அந்தக் காலத்துச் சண்டை. பட்டாளத்துக்கு அரிசியும் எண்ணெயும் ஏற்றிய கப்பல்கள் வரிசையாகப் போகும். விமானங்கள் தாழப் பறந்து வந்து குண்டு போடும்.

"பாத்தீங்களா அத்தை, மொதல்ல சப்ளை கப்பலைத்தான் அடிப்பான். சோறு போச்சுன்னா சண்டை போச்சு" என்பார், சிப்ஸைக் கடித்துக்கொண்டே.

என் மகன் அப்படியொரு சப்ளை கப்பலில்தான் சமையல்காரன் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. சவுதியில் தம்மாம் துறைமுகத்தில் ஏறி, கடற்படைக்காரர்களுக்குச் சாமான் கொண்டுபோகிறான். இப்போதெல்லாம் குண்டு போடுகிற விமானத்தில் ஆள்கூடக் கிடையாதாம். முன்னேற்றம்தான்.

அவனுடைய கப்பல் மகளின் போனில், கப்பல் போகிற இடம் காட்டும் வரைபடத்தில், பச்சைப் புள்ளியாகத் தெரியும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்; புள்ளியைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். போன மாதம் ஒரு மத்தியானம் புள்ளியைக் காணோம். அவன் போகிற பக்கம் ஏதோ ஒரு கப்பலை அடித்துவிட்டதாக டிவியிலும் சொன்னார்கள். மருமகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் எங்கள் கட்டிடத்து நர்சுப் பிள்ளைகள் ஜெபமாலையும் சோற்றுச் சட்டியுமாக வந்துவிட்டார்கள். எங்கள் கடற்கரையில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். துபாய்க்கு வந்தும் முறையை மறக்காத பிள்ளைகள். ஆள் செத்தானா என்று மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன்.

"சும்மா ஒரு ஒத்தாசைக்கு, ஆச்சி."

"ஒத்தாசைன்னா வெங்காயம் உரிங்க. இந்த வீட்டு அடுப்பு அணையல."

மகள் காதோடு சொன்னாள்: "அம்மா, நாலு பேர் என்ன நெனப்பாங்க?"

"நெனைக்கட்டும்."

அடுப்பைப் பற்றவைத்து மீன் குழம்பு கூட்டினேன். ஹாலில் ஜெபம், அடுக்களையில் நான். அடுப்பை அணைத்தால் அவன் போய்விட்டான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். உப்புப் போட்டேனா என்று நினைவில்லாமல் மறுபடியும் போட்டேன்.

குழம்பு கொதிக்கும்போது போன் வந்தது. மகன்தான்.

"ஆபத்தான எடத்துல கப்பல் இருக்கிற எடத்தைக் காட்டுற சிக்னலை அணைச்சுட்டுத்தாம்மா போவோம். வெளிய இருக்கிறவனுக்குக் கப்பல் தெரியக் கூடாதுல்லா. எல்லாரும் அழுதீங்களோ?"

"யாருல அழுதா? சோலியப் பாரு."

அவன் பத்திரம் என்று தெரிந்ததும், ஜெபத்துக்கு வந்த அத்தனை பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பில் உப்பு கரித்தது. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. துக்க வீட்டு மரியாதை அதற்குள் கலையவில்லை போலிருக்கிறது.