வட்டமாய் முளைத்த நெல்

காலை ஐந்து ஐம்பது. வாய்க்கால் கரையில் நின்று பார்த்தபோது முதலில் தெரிந்தது ஒரு பச்சை வளையம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் பிறை மாதிரி ஒன்று. எங்கள் அரை ஏக்கர் முழுவதும், யாரோ சேற்றில் வளையல்களைக் கொட்டிவிட்டுப் போனதுபோல நெல் முளைத்திருந்தது. வளையங்களின் நடுவில் வெறும் சேறு.

விதைத்தவள் என் மனைவி. பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, மாமி காண முந்தி ஏதாவது செய்யுங்கோ."

"என்ன செய்யிறது? வயலைப் பாயாலை மூடேலுமோ?"

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டுச் சோறு இந்தத் துண்டிலிருந்துதான் வருகிறது. கடை அரிசியை அம்மா வாயில் வைக்கமாட்டார். யார் விதைப்பது என்பதையும் அவர்தான் தீர்மானிப்பார். பத்திரிகையில் வேலை செய்யும் நான் ஒருமுறை விதைத்ததைப் பார்த்துவிட்டு, "பேப்பர்க்காரன் விதைச்சது குருவிக்கும் காணாது" என்று சொன்னவர், அதன்பின் எல்லாப் போகத்துக்கும் ஒரே விதைப்புக்காரரைத்தான் கூப்பிட்டார். மனைவி நாயாற்றுக்காரி, கடலோரக் களப்பில் மீன்பிடிக்கும் குடும்பம். கல்யாணமாகி வந்ததிலிருந்து களை பிடுங்கியிருக்கிறாள், வரம்பு கட்டியிருக்கிறாள். விதை அள்ளி வீசும் கடகப் பெட்டியை மட்டும் அம்மா அவள் கையில் கொடுத்ததில்லை. அது அவளுக்குள் முள்ளாகவே இருந்தது.

போன போகம் விதைப்பன்று விதைப்புக்காரருக்குக் காய்ச்சல். முளைகட்டிய நெல் சாக்குக்குள் சூடேறிக்கொண்டிருந்தது.

"மத்தியானத்துக்குள்ளை விதைக்காட்டி முளை பின்னிப்போடும்" என்றார் அம்மா.

"நான் விதைக்கிறன் மாமி."

"பிள்ளை, உமக்குக் கடல் தெரியும். இது சேறு."

"களப்புக்குள்ளையும் சேறுதான் மாமி."

அம்மா சாக்கை மறுபடி தொட்டுப் பார்த்தார். முழங்கால் வலியோடு அவர் வீட்டில் இருந்துவிட்டார். கடகம் கை மாறியது. அவள் சேற்றில் காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, ஒரே வீச்சாக வீசினாள். பார்க்க அழகாக இருந்தது. எனக்கு விதைப்புத் தெரியாததால் அழகை மட்டும்தான் பார்த்தேன்.

நடந்தது என்ன என்பது அந்தக் காலையில் வாய்க்கால் கரையில் நின்றபோதுதான் விளங்கியது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில், தகப்பனோடு களப்பில் இறங்கி வீச்சுவலை எறிந்து வளர்ந்தவள் அவள். எறிந்த வலை வட்டமாக விரிய வேண்டும். ஈயக் குண்டுகள் வலையின் ஓரத்தில்தான் இருக்கும், பாரமெல்லாம் ஓரத்தில். நெல்லும் அப்படியே ஓரத்தில் போய் விழுந்திருந்தது.

பக்கத்து வயல்காரர் சைக்கிளில் வந்தார். பார்த்தார். பிரேக் பிடித்தார்.

"தங்கச்சி, மீன் ஏதும் பட்டுதோ?"

"இப்பதானே அண்ணை எறிஞ்சனான். இழுக்க நாள் கிடக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் சைக்கிள் வாய்க்கால் பக்கம் சரிந்தது. அந்தச் சத்தத்தில் அம்மா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். வயலைப் பார்த்தார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தார். பிறகு வரம்பில் உட்கார்ந்து முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நான் ஓடினேன். மனைவி எனக்கு முன்னால் ஓடினாள்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, கோவமில்லையோ?"

"கோவம் கிடக்கு. சிரிச்சு முடியட்டும்."

அது முடியவில்லை. அடங்கும் நேரம் பார்த்து அம்மா ஒரு வளையத்தைக் காட்டி, "அது திறமான வட்டம் பிள்ளை, ஒரு கோணல் இல்லை" என்பார், மறுபடி தொடங்கும். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு விக்கல் எடுத்தது.

பிறகு வேலை. நெருங்கி முளைத்த இடத்தில் பிடுங்கி, வெறும் இடத்தில் நட்டோம். அம்மா வரம்பில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து கட்டளையிட்டார்: "அந்த வலைக்குள்ளை ஒண்டும் இல்லை, அங்கை நடுங்கோ." பின்னேரங்களில் மனைவி முற்றத்தில் மணலை வீசி வீசிக் கையைப் பழக்கினாள். கொடியில் காய்ந்த என் சாரத்தில் மணல், மோட்டார் சைக்கிளில் மணல், பூனையிலும் மணல்.

மழை பெய்தது. பயிர் கிளைத்தது. கதிர் வந்தபோது வளையங்களைத் தேடிப் பார்த்தேன்; கண்டுபிடிக்க முடியவில்லை. புது அரிசிச் சோற்றுக்கு மாமனார் நாயாற்றிலிருந்து மீன் கொண்டுவந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "வலை விரிஞ்சுதோ இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். "விரிஞ்சது, சம்பந்தி" என்றார் அம்மா.

விதைப்புக்காரருக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்கு நான் நன்றியுள்ளவன். அவர் இரண்டாம் நாளே எழும்பி நடமாடினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் போகத்துக்கு அம்மா நேற்று விதைநெல்லை ஊறப்போட்டார். விதைப்புக்காரருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.